கட்டற்ற கணினியின் கதை – 14: ஓக்லாவிலிருந்து ரெய்சினா குன்று வரை

2002 நவம்பரில் பில் கேட்ஸ் தில்லி வந்தார். குடியரசுத் தலைவர் மாளிகையில் அப்துல் கலாமைச் சந்தித்தார். கலாம் அந்த மாளிகைக்குக் குடிவந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தகவல் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றிப் போய்க்கொண்டிருந்த பேச்சு, மென்பொருள் பாதுகாப்பு என்ற இடத்துக்கு வந்ததும் இடறியது. திறமூல மென்பொருள் பற்றிக் கலாம் பேச்செடுக்க, இருவர் கருத்தும் எதிரெதிராக நின்றன. இதைக் கலாமே 2003 மே 28 அன்று புனேயில் ஒரு கல்வி நிறுவன விழாவில் வெளிப்படையாகச் சொன்னார். நூறு கோடி மக்கள் வாழும் நாட்டில் திறமூல மென்பொருள் வந்து நிலைக்க வேண்டும் என்பது அந்த உரையின் சாரம்.

ஏவுகணைத் துறையில் வெளிநாடுகளின் தடைகளை நேரில் கண்டு வளர்ந்தவர் அவர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாத நிரலை நம்பிப் பாதுகாப்புப் பணியை நடத்தலாமா என்ற கேள்வி அவருக்கு இயல்பாகவே வந்திருக்கும். அந்தக் கேள்வி பாதுகாப்பு அமைச்சகத்தின் மேசைக் கணினிகள்வரை போய்ச் சேர இருபது ஆண்டுகள் பிடித்தன. இந்தப் பகுதி அந்த இருபது ஆண்டுகளைப் பற்றியது. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் புதிய பதிப்புகள் ஒவ்வொன்றும் என்ன கொண்டுவந்தன, தில்லி அவற்றில் எதை எடுத்துக்கொண்டது, எதைக் கோப்பிலேயே வைத்திருந்தது என்று பார்ப்போம்.

கலாம் புனேயில் பேசிய ஆண்டில், வீட்டுக் கணினியில் லினக்ஸ் ஏற்ற விரும்பிய தில்லிக்காரருக்குத் தொலைபேசிக் கம்பிதான் முதல் தடை. ஒரு சி.டி.யின் கொள்ளளவு 650 மெகாபைட். 56 கிலோபிட் மோடத்தில், இணைப்பு ஒருமுறைகூட அறுபடாமல், முழு வேகமும் கிடைத்தாலும், அதை இறக்க ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். ரெட் ஹாட் போன்ற பதிப்புகளுக்கு ஒரு சி.டி. போதாது, மூன்று வேண்டும். ஆகவே புதிய பதிப்புகள் இந்திய வீடுகளுக்குள் பத்திரிகையோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தன. சைபர் மீடியா குழுமத்தின் ‘பிசிக்வெஸ்ட்’ 1996-லேயே லினக்ஸ் குறுந்தகட்டை இதழோடு கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2003 பிப்ரவரியில் தில்லி ஓக்லா தொழிற்பேட்டையிலிருந்து ‘லினக்ஸ் ஃபார் யூ’ வெளிவந்தது. 1969 முதல் மின்னணுவியல் இதழ் நடத்திவந்த இ.எஃப்.ஒய். குழுமத்தின் வெளியீடு அது. முழுக்க முழுக்க லினக்ஸுக்கென்றே ஒரு மாத இதழ், கூடவே ஒரு குறுந்தகடு. திருநெல்வேலியிலோ குவாஹாட்டியிலோ இருந்த பொறியியல் மாணவருக்குப் புதிய வெளியீடு என்பது அஞ்சலில் வந்த அந்தத் தகடுதான். 2012-ல் ‘ஓப்பன் சோர்ஸ் ஃபார் யூ’ என்று பெயர் மாறினாலும் இதழ் நின்றுவிடவில்லை. இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் பரவிய கதையை எழுதுபவர்கள் அமைச்சகங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது இந்தக் குறுந்தகடுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தகடுகளில் என்ன இருந்தது? இன்று சிறியதாகத் தெரியும் வசதிகள். அன்று அவை பெரிய விடுதலை. பெரும்பாலான கணினிகளுக்குள் இருந்த மலிவு மோடங்கள் விண்டோஸை நம்பியே செய்யப்பட்டவை. லினக்ஸில் அவை பேசாது. பென் டிரைவைச் செருகினால் எதுவும் நடக்காது. கட்டளை எழுதி அதை இணைக்க வேண்டும், எடுக்கும் முன் இன்னொரு கட்டளை. 2004 செப்டம்பரில் வந்த, லினக்ஸ் மேசைத்தளமான க்னோமின் 2.8 பதிப்பு இந்தத் தொல்லையைத் தீர்த்தது: செருகியவுடன் திரையில் படம் தோன்றியது. ஜெர்மானியர் கிளாஸ் நாப்பர் 2000-ல் தொடங்கிய நாப்பிக்ஸ், ஹார்டு டிஸ்கைத் தொடாமல் குறுந்தகட்டிலிருந்தே முழுக் கணினியையும் ஓட்டிக் காட்டியது. 2006 ஜூனில் வந்த உபுண்டு 6.06, அப்படி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறுவிக்கொள்ளவும் வழி செய்தது. பிடித்தால் வைத்துக்கொள், இல்லையேல் தகட்டை எடுத்துவிடு. பார்ட்டிஷன் பிரிக்கும்போது பழைய கோப்புகள் அழிந்துவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுத்தது. அந்தப் பயத்தை இந்த ஒரு வசதி பெருமளவு குறைத்தது.

ஆனால் இந்தியாவுக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமான மாற்றம் ஒன்று திரையின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்தியில் இகரக் குறி மெய்க்கு முன்னால் ஏறும். கூட்டெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும். ஆங்கிலத்துக்காக எழுதிய நிரலுக்கு இந்த இடமாற்றம் தெரியாது. எழுத்துகளை வந்த வரிசையிலேயே கொட்டிவிடும். 2002 ஜூனில் வெளியான க்னோம் 2.0 பாங்கோ என்ற எழுத்தமைப்பு நிரலோடு வந்தது. உலக மொழிகள் அனைத்தையும் யூனிகோடில் ஏற்று, ஒவ்வொன்றின் விதிப்படி திரையில் அடுக்குவது அதன் வேலை. க்னோமின் போட்டி மேசைத்தளமான கேடிஇ பயன்படுத்தும் க்யூட்டி நூலகத்திலும் இதே வேலை நடந்தது. 2004-ல் ரெட் ஹாட் நிறுவனம் லோஹித் எழுத்துருக் குடும்பத்தைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. பட்டியலில் ஒரு வரியாகப் போகும் இந்த மூன்று சேர்க்கைகளும் இல்லாவிட்டால், அடுத்து வந்த அரசு இயங்குதளம் எதுவும் பிறந்திருக்காது.

இந்த இந்திய மொழிப் பணிக்குத் தில்லியில் ஒரு வீடு இருந்தது. வடதில்லி ராஜ்பூர் சாலை 29-ஆம் எண்ணில் இயங்கும் வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் ஓர் அங்கமாக, 2000-ஐ ஒட்டி, ‘சராய்’ தொடங்கியது. வரலாற்றாய்வாளர்களும் கலைஞர்களும் நிரலாளர்களும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த இடம். இந்திய மொழிகளில் லினக்ஸைக் கொண்டுவர முயன்ற இண்ட்லினக்ஸ் குழுவினரோடு சேர்ந்து, இந்தி மேசைத்தளத்தின் மொழிபெயர்ப்பை வரிவரியாகச் சரிபார்க்கும் பட்டறைகளைச் சராய் நடத்தியது. எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் நிரலாளர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது அதன் பெரிய சாதனை. ரத்லாமைச் சேர்ந்த ரவி ரத்லாமி, மத்தியப் பிரதேச மின்வாரியப் பொறியாளராக இருந்தவர், ஆயிரக்கணக்கான சொற்றொடர்களை இந்திக்குப் பெயர்த்தார். பின்னாளில் சத்தீஸ்கரி மொழியிலும் அதே வேலையைச் செய்தார். தமிழுக்கு இதே உழைப்பைத் தமிழ்நாட்டிலும், இலங்கையிலும், மலேசியாவிலும், மேலை நாடுகளிலும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்த விழா மேடையிலும் சொல்லப்பட்டதில்லை.

அரசு விழித்துக்கொண்டது 2005-ல். அந்த ஏப்ரலில் மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தமிழ் எழுத்துருக்களும் கருவிகளும் அடங்கிய இலவசக் குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டது. ஜூனில் இந்தித் தகடு தில்லியில் வந்தது. ஓப்பன் ஆபீஸும் உலாவியும் இந்திய மொழிகளில் அவற்றில் இருந்தன. அதே ஆண்டில் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. பணம் தில்லியிலிருந்து, வேலை சென்னையில். அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையமும் பொறுப்பேற்றன. அந்த முயற்சியின் விளைவாக 2007 ஜனவரியில் வெளிவந்தது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக ‘பாஸ்’.

பாஸுக்கு அடித்தளம் டெபியன். அந்தத் தேர்வு சரியானது என்பதில் ஐயமில்லை. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, தன்னார்வலர்களின் சாசனத்தால் நடக்கும் ஒரு தளத்தின்மேல் ஓர் அரசு கட்டினால், நாளை நிறுவனம் கைமாறிவிடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. பதிப்புகளுக்கு வடமொழி வழிப் பெயர்களை இட்டார்கள்: தரங், அனந்த், தேஜஸ், சவீர், அனோக்கா, அனூப், திருஷ்டி, உன்னதி, ஊர்ஜா, 2024-ல் வந்த பிரக்யா. பள்ளிகளுக்கு எடுபாஸ் என்று தனி வடிவம். மெனுக்களும் விசைப்பலகைகளும் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வந்தன. போடோ, மைதிலி, காஷ்மீரி பேசுவோருக்கும் தங்கள் எழுத்தில் கணினியைத் திறக்க வாய்ப்புக் கிடைத்தது. சந்தைக் கணக்கு மட்டும் பார்க்கும் நிறுவனம் இந்த மொழிகளை எந்த வரிசையில் வைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

பாஸின் கருவிகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஆவணங்களை மொத்தமாகத் திறந்த ஆவண வடிவத்துக்கு மாற்றித் தரும் மாற்றி. அலுவலகங்களில் இயங்குதளத்தை மாற்ற முடியாமல் போவதற்கு முதற்காரணம், பழைய கடிதமும் அட்டவணையும் புதிய கணினியில் வரி உடைந்து திறப்பதுதான். இதை ஒட்டித் தில்லியில் நடந்த ஒரு போராட்டம் இன்று பலருக்கு நினைவில்லை.

பகதூர் ஷா ஜஃபர் சாலையில் உள்ள மானக் பவன், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமையகம். மைக்ரோசாஃப்ட் தன் ஆவண வடிவத்தை உலகத் தரமாக ஏற்கும்படி பன்னாட்டுத் தர நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. திறந்த ஆவண வடிவம் 2006-லேயே அந்த ஏற்பைப் பெற்றுவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு தரங்கள் எதற்கு, ஆறாயிரம் பக்கங்களில் எழுதப்பட்ட ஒரு வரையறையை வேறு யார் முழுதாக நிறைவேற்ற முடியும் என்று கேள்விகள் எழுந்தன. 2007 ஆகஸ்டில் இந்தியக் குழு கூடி, கருத்துக் குறிப்புகளோடு ‘ஏற்க இயலாது’ என்று வாக்களித்தது. திருத்தங்களுக்குப் பிறகு 2008 மார்ச்சில் மறுபடியும் கூடி அதே முடிவில் நின்றது. உலக அளவில் அந்த வடிவம் தேவையான வாக்குகளைப் பெற்றுவிட்டது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நான்கு நாடுகளும் மேல்முறையீடு செய்தன, அதுவும் தள்ளுபடியானது. தோற்ற வழக்கு என்றாலும் வீணாகவில்லை. 2010 நவம்பரில் மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் கொள்கையை மத்திய அரசு அறிவித்தபோது, மானக் பவன் விவாதங்களில் பக்குவப்பட்ட வாதங்கள் அதற்குப் பின்னால் இருந்தன.

அடுத்த நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு நின்றது. அரசு அலுவலகங்களில் அந்த நாள்வரை எக்ஸ்பி-தான் பரவலாக ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அப்போதைய பதிப்பு அனோக்கா. மாணவர்களுக்கு 2011 முதல் வழங்கப்பட்ட மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் இருந்தது. தில்லியில் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2015 மார்ச்சில் ஒரு கொள்கையை அறிவித்தது. மத்திய அரசின் மென்பொருள் ஒப்பந்தப்புள்ளிகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தந்து பரிசீலிக்க வேண்டும்; அதை விட்டுவிட்டால் ஏன் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல கொள்கையை எதிர்பார்க்க முடியாது.

நடைமுறை வேறு மாதிரி இருந்தது. 2015-ல் க்னோம் 3.14-உடன் அனூப் வந்தது. அதற்கடுத்த திருஷ்டி 2018-ல். அதற்கு மூலமான டெபியனின் ‘ஸ்ட்ரெட்ச்’ பதிப்போ 2017 ஜூனிலேயே வெளியாகிவிட்டது. மூல வெளியீட்டுக்கும் அரசு வெளியீட்டுக்கும் இடையே விழும் இந்த இடைவெளி மேசைக் கணினிக்கு ஆபத்தானது. புதிய மடிக்கணினியின் வைஃபை வேலை செய்யாது, உலாவி பழசாகிவிடும், வங்கித் தளம் திறக்காது. மாணவர்கள் பலர் மடிக்கணினியை வாங்கியவுடன் பாஸை அழித்ததற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இயங்குதளத்தைக் கொடுத்தவர்கள் ஆசிரியருக்குப் பயிற்சியையும், அச்சுப்பொறி இயங்காதபோது கூப்பிட ஓர் ஆளையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

அப்படிக் கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் தில்லியிலேயே சான்று உண்டு. உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு, மாவட்ட நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தது. நீதிமன்றங்களுக்கு ஏற்பத் தகவமைத்த பதிப்பைத் தந்ததோடு, நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சியும் நடத்தியது. வழக்கு விவர மென்பொருளும் திறமூலக் கருவிகளில் கட்டப்பட்டது. ஒரு தாலுகா நீதிமன்ற எழுத்தர் லினக்ஸில் வழக்கு எண் பதிவது இன்று யாருக்கும் வியப்பில்லை. இதற்கு உதவியது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்ற ஏற்பாடு. இரண்டாண்டுக்கு ஒருமுறை அத்தகைய பதிப்பு, 12.04 முதல் மேசைக் கணினிக்கும் ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள். அலுவலகம் நடத்துபவருக்குப் புது அலங்காரத்தைவிட இந்த நாட்காட்டி பெரிது.

அலங்காரம் தொல்லையும் தந்தது. 2011-ல் க்னோம் 3-உம் உபுண்டுவின் யூனிட்டியும் அடுத்தடுத்து வந்து, திரையின் அமைப்பையே மாற்றின. கீழே இருந்த பட்டை காணாமல் போனது. மெனு மேலே ஓடியது. பழகிய கைகள் திணறின. அந்த அதிருப்தியில் பிறந்தவைதான் மேட், சின்னமன் இரண்டும். பழைய மேசையின் ஒழுங்கைக் காத்தவை. பாஸின் பிற்காலப் பதிப்புகள் சின்னமனுக்குப் போனது புத்திசாலித்தனம்.

2022 நவம்பர் 23 காலையில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. பணயத் தீநிரல் தாக்குதல். நாட்டின் முதன்மை மருத்துவமனையில் புறநோயாளர் சீட்டு முதல் ஆய்வக முடிவுவரை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையால் எழுதினார்கள். நோயாளிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கலாம் எழுப்பிய கணினிப் பாதுகாப்புக் கேள்வி அன்று தலைநகரில் எல்லோர் கண்ணெதிரிலும் வந்து நின்றது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு செய்தி வெளியானது. பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தோடு இணைந்த தன் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் இயங்குதளத்தை நீக்கி, ‘மாயா’ என்ற உள்நாட்டு இயங்குதளத்தை ஏற்ற முடிவு செய்திருக்கிறது. ரெய்சினா குன்றின் சவுத் பிளாக் கணினிகளில் சுதந்திர தினத்துக்குள் ஏற்றுவது இலக்கு. பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும், சி-டாக்கும், தேசியத் தகவல் மையமும் கைகோத்து, 2021-ல் தொடங்கி ஆறே மாதங்களில் உருவாக்கியது என்றார்கள். அடித்தளம் உபுண்டு. தோற்றமும் பயன்பாடும் விண்டோஸ் பழகியவர் தடுமாறாதபடி. கூடவே ‘சக்ரவியூகம்’ என்ற காப்பு அமைப்பு, பயனருக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று தீநிரலைத் தடுக்க. கடற்படை ஏற்றுக்கொண்டது, தரைப்படையும் விமானப்படையும் ஆராய்ந்து கொண்டிருந்தன.

ஆறு மாதம் என்றதும் சிலர் ஐயப்பட்டார்கள். ஐயம் வேண்டியதில்லை. 2004 அக்டோபர் முதல் உலகமெங்கும் தட்டித் தேய்த்துச் செப்பனிட்ட உபுண்டுவும், அதற்கு அடியில் 1993-ல் இயான் முர்டாக் தொடங்கிய டெபியனும் இல்லாமல் அந்த ஆறு மாதம் நடந்திருக்காது. பிறர் எழுதியதை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற உரிமைதான் இந்த உரிமங்களின் உயிர். ஆனால் அந்த உரிமையோடு ஒரு தார்மீகக் கடனும் இருக்கிறது: செய்த திருத்தத்தைத் திருப்பித் தர வேண்டும். பாஸோ மாயாவோ, மூலத் திட்டங்களுக்குத் திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்பும் பழக்கம் இன்னும் வலுப்பட வேண்டும். 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தபோது உள்ளூர்த் தன்னார்வலர்கள் காட்டிய உழைப்பு, அரசு நிறுவனங்களுக்கு நல்ல முன்மாதிரி.

இன்றைய வெளியீடுகளுக்கு வருவோம். 2023-ல் வந்த டெபியன் 12, வைஃபை அட்டைகளுக்கான ஃபர்ம்வேரை நிறுவும் தகட்டிலேயே சேர்த்தது. கட்டற்ற கொள்கையில் உறுதியான அந்தச் சமூகம் வாக்கெடுப்பு நடத்தி எடுத்த முடிவு அது. மடிக்கணினி வாங்கிய மாணவருக்கு அது பெரிய உதவி. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை நிறுத்தியது. மிகப் பழைய கணினி வைத்திருக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, பழைய எக்ஸ் திரை முறையில் க்னோமை ஓட்டும் வழியை எடுத்துவிட்டு வேலாண்டு என்ற புதிய முறைக்கு முழுதாக மாறியது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட் என நான்கு முறைகளிலும் தமிழ் எழுத ஐபஸ் உள்ளீட்டு முறை இப்போது எல்லா முக்கியப் பதிப்புகளிலும் கிடைக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 2014-ல் எக்ஸ்பி-யோடு வந்த கேள்வி மறுபடி நம் மேசைமேல் வந்திருக்கிறது.

விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள கணினி ஒன்று உங்கள் வீட்டிலோ, ஊர் நூலகத்திலோ, பிள்ளையின் பள்ளியிலோ இருந்தால், தூக்கிப் போடாதீர்கள். ஒரு பென் டிரைவில் உபுண்டுவையோ டெபியனையோ லினக்ஸ் மின்ட்டையோ ஏற்றி, ஹார்டு டிஸ்கைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். தமிழில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுத்து உடைந்தாலோ, மெனுவில் ஒரு வரி ஆங்கிலத்திலேயே நின்றாலோ, அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் குழுவில் சேருங்கள். அடுத்த பகுதியில், அரசுப் பள்ளிகள் முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக் காட்டிய கேரளம்.